காசியம்மாள் சொன்ன பெயர்

பௌர்ணமிக்கு முந்தின நாள். மலை சுற்ற வருகிறவர்கள் அன்றைக்கே வந்து இறங்க ஆரம்பித்துவிடுவதால் எங்கள் ஊர் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்திருந்தார் காசியம்மாள். வயது எழுபதைத் தாண்டியவர்.

கல்லூரியில் எங்கள் வரலாற்றுத் துறை மாடியில் இருக்கிறது. படியேறி வந்தவர் கதவருகே செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கையில் ஒயர் கூடையோடு நின்றார். மூச்சு வாங்கியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஷர்மிளா இருக்குதா மேடம்?”

குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று பத்து நாட்களாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அவரே வந்து நிற்கிறார்.

“உள்ள வாங்கம்மா. உக்காருங்க.”

“உக்கார்றது கெடக்கட்டும். அந்தப் பொண்ணக் கூப்புடுங்க. அது எனக்கு ஒண்ணு போட்டுக் காட்டணும்.”

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்களிடம் இல்லை. ஏன் இல்லாமல் போனது என்று சொல்லிவிட்டுத்தான் நான் அந்த அறைக்குத் திரும்ப முடியும்.

நாற்பது கேள்விகள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்று நடத்தி நடத்தி எனக்கே அலுத்துப்போன ஒரு வருடத்தில், மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிப் பெரியவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யச் சொன்னேன். கையில் இருக்கிற செல்போனே போதும். பஞ்சம், ஏரி, முதல் பஸ், முதல் கரண்டு விளக்கு, எதைச் சொன்னாலும் சரி.

அதற்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். நாற்பது கேள்விகள். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியது என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாணவர்கள் அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் மாதிரிக் கேட்டார்கள். பெரியவர்களும் அதற்குத் தகுந்தபடி பதில் சொன்னார்கள். “ஆமாம்”, “இல்ல”, “இருக்கும்.”

ஷர்மிளா மட்டும் அந்தத் தாளை நாலாக மடித்து ஜோல்னா பைக்குள் போட்டுக்கொண்டாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். அவளிடம் ஒரு குணம் உண்டு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பாள். எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டாலும் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவமாட்டாள். சும்மா இருப்பாள். நான் இத்தனை வருடம் வகுப்பில் நின்றும் பழகாத வித்தை அது.

போளூர் சாலையில் இறங்கி உள்ளே போகும் ஒரு ஊரை அவளுக்கு ஒதுக்கியிருந்தேன். அங்கே பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சத்துணவு சமைத்தவர் காசியம்மாள். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

கேட்க முடியாமல் போன குரல்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கிராமங்களில் பெரியவர்களை டேப் ரெக்கார்டரில் பேசவைத்து ஆராய்ச்சி செய்கிறவர். நல்ல மனிதர்தான். வெயில் தாங்காமல் மூக்கெல்லாம் தோல் உரிந்திருக்கும். எனக்கு அந்த வயதில் அவரோடு ஜீப்பில் போவதே பெரிய விஷயம்.

ஒரு ஊரில் ஏரி மதகு திறக்கும் வேலை செய்த ஒருவரைப் பேசவைத்தோம். மதியம் ஆரம்பித்து வெயில் சாயும்வரை பேசினார். எந்த வருடம் எவ்வளவு தண்ணீர், யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம். முடிந்ததும் என்னிடம் கேட்டார்.

“யம்மா, நான் பேசுனது எனக்கு எப்போ கேக்கும்?”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த முறை வரும்போது கட்டாயம் போட்டுக் காட்டுகிறேன் என்றார் வெள்ளைக்காரர். அதைத் தமிழில் சொன்னேன். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. ஒலிநாடாக்கள் ஒரு பெட்டியோடு விமானம் ஏறிப் போய்விட்டன. மதகுக்காரரை நான் அதன்பிறகு பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அவர் கேட்டார். இரண்டு முறையும் நான் பொய் சொன்னேன்.

அதனால் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். பேசியவர்களுக்கு அவர்கள் பேச்சைப் போட்டுக் காட்டாமல் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கக் கூடாது.

இன்னொரு விதியையும் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவர்களையே கேட்டுக்கொண்டு வரவேண்டும் என்கிற விதி. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தப்பு அங்கே ஆரம்பித்தது. ஆரம்பித்தவள் நான்.

“ஒண்ணு இல்ல, ரெண்டு”

காசியம்மாள் முதலில் சத்துணவுக் கதையைத்தான் சொன்னாராம். விறகு ஈரமாக இருந்தால் கண் எரிகிற எரிச்சல், முட்டை போட ஆரம்பித்த வருடம் வகுப்பில் ஒருவர் விடாமல் ஆஜரானது, புழு இருந்த பருப்பை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டு அதிகாரியிடம் சண்டை போட்டது. பேச்சு ஓய்ந்தபோது, கேள்வித்தாளில் ஏழாவதாக இருந்த ஒரு சாதாரணக் கேள்வி ஷர்மிளாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

“உங்களுக்கு எத்தன புள்ளங்க ஆயா?”

“ஒண்ணு. ஏழுமலன்னு ஒரே புள்ள. மேஸ்திரி வேல.”

ஷர்மிளா சும்மா இருந்தாள்.

“ஒண்ணு இல்ல,” என்றார் காசியம்மாள் கொஞ்ச நேரம் கழித்து. “ரெண்டு.”

பதினேழு வயதில் அவரைச் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருக்கிறார்கள். கிணறு வெட்டும் வேலைக்குப் போன புருஷன் மண் சரிந்து செத்துப்போனார். அப்போது கையில் ஒரு பெண் குழந்தை. ஒரு வருடம் போனதும் அண்ணன்மார் வந்து, இரண்டாங் கல்யாணத்துக்கு வேறு இடம் பேசிவிட்டார்கள். குழந்தை வேண்டாம் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. மாமியார், “என் புள்ள போயிட்டான், பேத்தியாவது எங்கிட்ட இருக்கட்டும்” என்று அழுதிருக்கிறார். எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். பெற்றவளைத் தவிர எல்லாரும்.

கிளம்புகிற காலையில் குழந்தைக்குக் கூழ் ஊட்டியிருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டது. “சந்தைக்குப் போறேன், பொரி வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்தேன். சரின்னு தலைய ஆட்டுச்சு. அழுவக்கூட இல்ல.”

பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. பொங்கலுக்கு முன்னாலேயே குழந்தைக்குக் காய்ச்சல். எல்லாம் முடிந்து, காரியமும் முடிந்த பிறகுதான் ஆள் வந்து சொன்னான். மூன்று வயது. போட்டோ கிடையாது. ரேஷன் அட்டையில் பெயர் கிடையாது. புதைத்த இடத்தைக்கூட இவர் பார்த்ததில்லை. புது வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதால், ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பெயரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு ஷர்மிளாவிடம் சொன்னார். பூங்காவனம்.

விதிப்படி அவள் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். தன் குரலே தன் மகளின் பெயரைச் சொல்வதைக் காசியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு அவள் என்னிடம் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷர்மிளாவுக்கு மனசு தாங்கவில்லை. இருபது வயதுப் பெண். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சிலிருந்து அரை நிமிடத்தை வெட்டி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். கீழே இரண்டு பூப் படம். பெயர் எதுவும் இல்லை. ஆனால் “மொத புருசன்” என்ற வார்த்தை இருந்தது, “பொரி வாங்கியாறேன்” இருந்தது, காசியம்மாளின் குரல் இருந்தது. அந்த ஊரில் அவளுக்கு வழி காட்டிய ஒரு பெண்ணின் நம்பர் அவள் போனில் இருந்தது. அந்தப் பெண் வழியாக அது ஊருக்குள் பரவிவிட்டது.

காசியம்மாள் குரல் அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? முப்பது வருடம் “வரிசையா வாங்கடா” என்று கூப்பிட்ட குரல்.

சிமெண்டுச் சட்டை

மூன்றாம் நாள் ஏழுமலை வந்தார். வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் கட்டுகிற மேஸ்திரி. வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். சட்டைக் கையில் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“மேடம், நீங்க படிச்சவங்க. எங்கம்மாவுக்கு ரெண்டாங் கல்யாணம்னு எனக்கே தெரியாது. டீக்கடையில ஒருத்தன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். அவன் போன்ல போட்டும் காமிச்சான்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வர்ற ஞாயித்துக்கெழம எம் பொண்ணப் பாக்க வர்றதா இருந்தாங்க. இப்ப வரலயாம். காரணம் சொல்லல. நான் அதக் கேக்க வரல. அந்தப் பேச்ச அழிச்சுடுங்க. அவ்ளோதான்.”

ஷர்மிளா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஸ்டேட்டஸை அன்றைக்கே எடுத்துவிட்டிருந்தாள். இப்போது முன்னால் வந்து, “நான்தாண்ணா போட்டேன். தப்பு என்னோடது,” என்றாள். போனை அவர் பார்க்கும்படி மேஜைமேல் வைத்து, முழுப் பதிவையும் அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் திறந்து, அங்கேயும் அழித்தாள். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஸ்டேட்டஸ் போட்டதற்கு வந்த கோபம் இல்லை. அழித்ததற்கு வந்த கோபம். இரண்டே கால் மணி நேரப் பேச்சு. என் மாணவர்கள் கொண்டுவந்ததிலேயே அதுதான் உயிருள்ளது. ஒரு மேஸ்திரி வந்து கேட்டதும் இப்படித் தூக்கிப் போட்டுவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மாணவர்கள் எல்லாருடைய பதிவுகளுக்கும் ஒரு பிரதி என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஏழுமலை நின்றிருந்த இடத்திலிருந்து நாலு அடி தூரத்தில். நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஷர்மிளா திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“மேடம், உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குது.”

“இருக்கு. யாருக்கும் தெரியாம இருக்கட்டும். பத்து வருஷம் கழிச்சு யாருக்காவது உதவும்.”

அவள் நகரவில்லை. சும்மா நின்றாள். காசியம்மாள் முன்னால் எப்படி இருந்திருப்பாளோ அப்படி. நான் ஆராய்ச்சி என்றேன். ஆவணம் என்றேன். பெண்களின் வரலாறு இப்படித்தான் தொலைந்துபோகிறது என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அவரு உங்களையும் சேர்த்துத்தான் நம்பிட்டுப் போனாரு மேடம்,” என்றாள் கடைசியில்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் பார்க்கப் பார்க்க அழித்தேன்.

ஆசிரியர் தினத்தன்று மாணவர்கள் எனக்குப் பேனா கொடுப்பார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள். அந்தச் சாயங்காலம் ஷர்மிளா எனக்குக் கொடுத்ததைப் போல வேறு யாரும் கொடுத்ததில்லை. நான் யாராக ஆகியிருப்பேனோ அந்த ஆளாக ஆகாமல் தடுத்தாள். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது.

“உன் காதுல இருந்துமா போச்சு?”

இப்போது அந்த அறைக்குத் திரும்பலாம். ஆளனுப்பி ஷர்மிளாவை வரவழைத்தேன். காசியம்மாளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வா கண்ணு. அன்னைக்கு நான் பேசுனதத் திருப்பிப் போட்டுக் காட்டுனியே. அதுல அந்தப் புள்ள பேரு வந்துச்சு. இன்னொரு வாட்டி அதக் கேக்கணும்போல இருக்குது. வூட்டுல பத்து நாளா யாரும் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. அது போவுது. இதக் கேட்டுட்டுப் போயிடறேன்.”

ஷர்மிளா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆயா, அது இப்ப இல்ல. அழிச்சுட்டேன். என்னாலதான் உங்களுக்கு இவ்ளோ கஷ்டம். ஸ்டேட்டஸ்ல போட்டது நான்தான்.”

“தெரியும். ஏழுமல சொன்னான்.” அவர் குரலில் கோபம் இல்லை. “மெஷின்ல இல்லியா?”

“இல்ல ஆயா.”

“உன் காதுல இருந்துமா போச்சு?”

“இல்ல.”

“அப்ப நீ சொல்லு.”

ஷர்மிளா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பூங்காவனம்,” என்றாள்.

காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கிரிவலப் பேருந்துகளின் ஹாரன் சத்தம். யாரோ படியில் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

“இன்னொரு வாட்டி.”

“பூங்காவனம்.”

“மேடம், நீங்களும் சொல்லுங்க.”

நானும் சொன்னேன். ஒரு குழந்தையின் பெயரைச் சொல்வது இவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் அழவில்லை. ஒயர் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“சரி, அந்த மெஷின எடு. மறுபடியும் சொல்றேன்.”

நான் பதறிவிட்டேன். “வேணாம்மா. உங்க பையன் வந்து கேட்டுக்கிட்டதுக்கு அப்புறம்…”

“அவன் கேட்டது அவன் நாயம். அவன் பொண்ணு வாழ்க்க. நான் தப்பு சொல்லல. ஆனா எம் புள்ளயப் பத்திப் பேசறதுக்கு நான் யாரக் கேக்கணும் மேடம்? அன்னைக்கு அண்ணனுங்க பேசி முடிச்சாங்க. இன்னைக்கு நானு பேசறேன்.”

ஷர்மிளா போனை எடுத்தாள். இந்த முறை முதல் கேள்வியே வேறாக இருந்தது.

“ஆயா, நீங்க சொல்றத யாரெல்லாம் கேக்கலாம்?”

“இப்போதைக்கு யாரும் வேணாம். நீங்க ரெண்டு பேரு. அப்புறம் ஏழுமல. அவன் கேக்கணும்னு நெனச்சா.”

பேச ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். படியில் தடதடவென்று சத்தம். ஏழுமலை. அம்மாவைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடி, பஸ் ஏறியதை யாரோ சொல்ல, வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மூச்சிரைக்க நின்றவர் அம்மாவைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்துகொண்டேன்.

“எந்திரிம்மா. போலாம்.”

“உக்காந்து கேளு. இல்லன்னா கீழ போயி இரு, முடிச்சிட்டு வரேன்.”

ஏழுமலை போகவில்லை. உட்காரவும் இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். ஷர்மிளா போனை அணைக்கக் கை நீட்டினாள். காசியம்மாள் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து ஏழுமலை கேட்டார். “ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எப்படிடா சொல்றது? உனக்குப் பால் குடுக்கும்போதெல்லாம் எனக்கு அவ நெனப்புத்தான் வரும். உன்ன மடியில வெச்சிக்கிட்டு அவளுக்காக அழுதிருக்கேன். அத உங்கிட்ட எந்த வாயால சொல்றது?”

ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போகும்போது அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், படிக்குக் கீழே வைத்தார்.

மேஸ்திரி கேட்ட அளவு

காசியம்மாள் சொன்னபடி ஒரு பிரதியை ஏழுமலையின் போனுக்கு அனுப்பினோம். அவர் கேட்டாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் புதிதாக ஒன்று எழுதினேன். அதில் முதல் கேள்வி ஷர்மிளாவுடையது.

மாதங்கள் போயின. ஷர்மிளா படிப்பை முடித்து மேற்படிப்புக்கும் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் மதியம் எனக்கு ஏழுமலையிடமிருந்து போன். பின்னால் கல் அறுக்கும் மெஷின் சத்தம்.

“மேடம், பொண்ணுக்கு ஆரணியில எடம் அமைஞ்சிருக்குது. எங்கம்மா விஷயத்த நானே மொதல்ல சொல்லிட்டேன். ‘அதுக்கு இன்னாங்க’ன்னுட்டாங்க. நல்ல மனுசங்க.”

ரொம்ப சந்தோஷம் என்று மட்டும் சொன்னேன்.

“அந்தப் பேச்சக் கேட்டேன் மேடம். இங்கதான், கட்டடத்துல, சாப்பாட்டு நேரத்துல. மூணு நாளா கொஞ்சங் கொஞ்சமா கேட்டேன்.” மெஷின் சத்தம் சற்றுத் தள்ளிப் போனது. “கல்யாணத்துக்கு முன்னால பூவாடக்காரிக்குப் படைக்கறோம். நீங்களும் அந்தப் பொண்ணும் வரணும். அப்புறம், ஒண்ணு கேக்கணும். துணிக்கடைக்குப் போனேன். மூணு வயசுப் புள்ளைக்குப் பாவாட சட்ட எந்த சைஸு வாங்கறதுன்னு தெரியல.”

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் வைத்தால், அந்தக் குடும்பத்தில் வாழ வேண்டிய வயதில் இறந்துபோன பெண்களை நினைத்து வீட்டில் படையல் போடுவார்கள். புதுத் துணி, பூ, மஞ்சள், பலகாரம் எல்லாம் வைத்து, வந்து ஆசீர்வாதம் பண்ணும்படி கூப்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். அந்த வீட்டு வம்சத்துப் பெண்களுக்குத்தான் வைப்பது வழக்கம். பூங்காவனம் அந்த வம்சம் இல்லை.

ஷர்மிளாவும் நானும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனோம். கூடத்தில் கோலம் போட்டு, தலைவாழை இலை விரித்திருந்தது. அந்த வம்சத்தில் இறந்துபோன இரண்டு பெண்களுக்காக இரண்டு புடவைகள். பக்கத்தில் ஒரு தட்டில் மஞ்சள் நிறத்தில் சின்னப் பாவாடையும் சட்டையும். கடை மடிப்பு கலையாமல் இருந்தது. சாமந்திப் பூ வாசனையும் சூடான வடை வாசனையும் கலந்து வந்தது.

ஏழுமலைக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டார்.

“இது ஆருக்குடா?”

“எங்கக்காவுக்கு, பெரியப்பா.”

“அது வேற வூட்டுப் புள்ளயாச்சே. நம்ம படையல்ல எப்படி வெக்கறது?”

நான் ஷர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களால் இந்த வீட்டில் இன்னொரு சண்டை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஏழுமலை குரலை உயர்த்தவில்லை. “எங்கம்மா வயித்துல பொறந்த புள்ள. எனக்கு முன்னால பொறந்தது. எம் பொண்ணுக்கு அத்த. அத்த இல்லாம கல்யாணம் பண்ணச் சொல்றீங்களா?”

பெரியவர் ஏழுமலையைப் பார்த்தார், மூலையில் உட்கார்ந்திருந்த காசியம்மாளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “விளக்க ஏத்துங்க, நேரமாவுது,” என்றார்.

கற்பூரம் ஏற்றிப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றாவதாக அவள் பெயரைக் கல்யாணப் பெண்ணே சொன்னாள்.

இதை எழுதலாமா என்று கேட்க, போன மாதம் காசியம்மாளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஷர்மிளாவிடமும் ஏழுமலையிடமும் கேட்டேன். எழுதுங்க என்றார்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குழந்தையின் பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்பது காசியம்மாள் போட்ட கட்டளை. மூன்று பேருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் சாதாரணமானது இல்லை. அழிக்கச் சொன்னவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குப் படையல் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்து போன பிறகும் காசியம்மாள் எழுந்திருக்கவில்லை. தட்டிலிருந்து அந்தப் பாவாடையை எடுத்து மடியில் விரித்தார். கடை மடிப்பை நீவிவிட்டார். இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்து அளந்து பார்த்தார்.

“இடுப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீதுடா,” என்றார் மகனிடம்.

ஏழுமலை அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இருக்கட்டும்மா,” என்றார். “வளர்ற புள்ளதானே.”